பதினான்காம் படத்தின் நடுவில்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் "மீன்வளம்" என்று சொல்லி முடித்துவிடுவேன். ராயபுரத்தில் அந்தச் சொல்லுக்கு மரியாதை உண்டு. படகுக்கு மானியம் வாங்கித் தருவாயா என்று கேட்பார்கள், முடியாது என்றால் விட்டுவிடுவார்கள். உண்மையைச் சொன்னால்தான் சிக்கல். தும்பிலி என்று ஒரு மீன். பல்லித் தலை, வாய் நிறைய ஊசிப்பல், விலை போகாத மூஞ்சி. அதன் குடலுக்குள் நாடாப்புழு ஒன்று குடியிருக்கிறது. அந்தப் புழுவின் விந்தணுவைக் குறுக்கே நறுக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே என்ன தெரியும் என்பதுதான் என் வாழ்க்கையின் கடந்த ஏழு வருடம். பெண் பார்க்கப் போன இரண்டு வீடுகளில் இதை ஒளிக்காமல் சொன்னேன். இரண்டிலும் காபி ஆறுவதற்குள் எழுந்து வந்துவிட்டோம்.

என் பெயர் சாவியோ. வயது முப்பத்தாறு. டாக்டர் பட்டம் இன்னும் வாங்கவில்லை, ஆனால் தெருவில் "டாக்டரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிண்டலாகத்தான்.

கதைக்குப் போகும்முன் இரண்டே விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பெரும்பாலான உயிர்களின் விந்தணுவுக்கு ஓடுவதற்கு ஓர் எஞ்சின் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்திருப்பீர்கள். நாடாப்புழுவின் முதிர்ந்த விந்தணுவில் அது கிடையாது. கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை மட்டும் நம்பி ஊர் போய்ச் சேரும் ரகம். இரண்டு, வாலுக்குள் இருக்கும் குழாய்கள். ஓரத்தில் வட்டமாக ஒன்பது ஜோடி. நடுவில் மீனுக்கும் மாட்டுக்கும் எனக்கும் இரண்டு குழாய். நாடாப்புழுவுக்கு ஒரே ஒரு தண்டு. இவ்வளவுதான். என் ஆய்வேட்டின் இருநூற்றுப் பத்துப் பக்கத்தையும் நீங்கள் இப்போது படித்துவிட்டீர்கள்.

இதில் பதினான்காம் படம் எங்கிருந்து வந்தது என்றால், போன வருடம் ஒரு புழுவின் பிறப்புத் துளைக்குப் பக்கத்தில் விந்தணுக்கள் குவியலாகக் கிடந்தன. நறுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வாலின் பக்கத்திலும் குண்டாக, மடிப்பு மடிப்பாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஒரு மைட்டோகாண்ட்ரியா. எஞ்சின் இல்லாத வண்டியில் எஞ்சின். நடுவில் ஒன்றா இரண்டா என்று அந்தப் படத்தில் எண்ண முடியவில்லை. கத்தி சாய்வாகப் போயிருந்ததால் நடுப்பகுதி திட்டுத் திட்டாக இருந்தது. ஒன்றாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாகவும் இருந்தது.

என் வழிகாட்டி ரேச்சல் மேடம் அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் புழுக்களோடு குடித்தனம் நடத்தியவர். பெரிய பெயர் எதுவும் வந்ததில்லை. இந்த மாதம் முப்பதாம் தேதி ஓய்வு. பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் படத்தைக் காட்டினார். ஐரோப்பாவிலிருந்து இந்தத் துறையின் மூத்த அம்மா ஒருவர் கடிதம் எழுதினார்: "நாற்பது வருடமாக நறுக்குகிறேன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை. உண்மையென்றால் நாங்கள் எல்லோரும் திருத்தி எழுத வேண்டும். நேராக வெட்டிய ஒரே ஒரு படம் அனுப்புங்கள்." மேடம் அந்தக் கடிதத்தை அச்செடுத்துத் தன் பைபிளுக்குள் வைத்திருந்தார். எந்த அதிகாரத்தில் என்று நான் கேட்கவில்லை.

ஆகவே ஏப்ரல் பதின்மூன்று இப்படித் திட்டமிடப்பட்டது. பகல் இரண்டிலிருந்து நாலு மணி வரை, கிண்டியைத் தாண்டி இருக்கும் ஓர் ஆய்வகத்தில், நுண்ணோக்கி எங்களுக்கு. அதே புழுவைப் பதித்து வைத்திருந்த ரெசின் கட்டியிலிருந்து புதிதாக நறுக்கிய துண்டுகளில் நேரான வெட்டைத் தேடிப் படம் எடுக்க வேண்டும். ஐந்து மணிக்குள் டோல்கேட்டில் இருக்கும் பைண்டிங் கடைக்கு "போடலாம்" என்று சொல்ல வேண்டும். மறுநாள் புத்தாண்டு, கடை கிடையாது. பதினைந்தாம் தேதி ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள். இதற்கெல்லாம் முன்பாகக் காலையில் காசிமேட்டுக்குப் போய் இரண்டு புதுப் புழு எடுத்துவர வேண்டும். அந்த ஐரோப்பிய அம்மா புதுப் புழுவிலும் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்பது மேடத்தின் கவலை. பதினான்கு நள்ளிரவோடு விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். அறுபத்தொரு நாள் கரையில் தும்பிலி என்ற பேச்சே இருக்காது.

காசிமேட்டில் என் ஆள் பட்டக்கா. முழுப்பெயர் பட்டம்மாள். ஏலக் கூடத்துக்கு வெளியே வரிசையாக மீன் வெட்டும் பெண்களில் மூன்றாவது. நாலு வருடமாக எனக்குப் புழு எடுத்துத் தருவது அவள்தான். நான் எட்டு மணிக்குப் போய்ச் சேர்வதற்குள் தும்பிலிகளை அறுத்து, குடலைக் கீறி, புழுவைக் கிழியாமல் உருவி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். மற்ற இடங்களில் வாங்கிய புழுக்கள் என் கைக்கு வருவதற்குள் துவண்டுவிடும். அவளிடம் வாங்கியவை மட்டும் துள்ளும். அக்காவின் கைராசி என்று மேடத்திடம் பெருமையாகச் சொல்வேன். கைராசி என்பது ஆராய்ச்சி முறையில் சேராது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அன்று கடைசி நாள் என்பதால் ஆறரைக்கே போய்விட்டேன். கூடம் முழுக்கச் சத்தம். ஒரே நாளில் போய்த் திரும்பும் படகுகள் விடியற்காலையில் பிடித்ததை இறக்கிக்கொண்டிருந்தன. தோளில் ஐஸ் பெட்டி, அதற்குள் பதப்படுத்தும் மருந்து நாலு குப்பி. பத்தடி நடந்திருக்கமாட்டேன், பின்னாலிருந்து ஒரு கை பெட்டியைப் பிடித்தது.

ஏல ஏஜெண்டு ரஷீது. கழுத்தில் பச்சைத் துண்டு. முகம் தெரியும், பேசியதில்லை.

"இன்னா மாமு பெட்டியில?"

"மருந்து பாய்."

"யாருக்கு மருந்து? மீனுக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் மூடியைத் திறந்து ஒரு குப்பியை மூக்குக்கிட்டே கொண்டுபோனான். முகம் சுருங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஃபார்மலின்," என்றான். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கெட்ட மீனுக்கு ஊற்றும் மருந்தின் பெயரை மீன் மார்க்கெட்டில் சத்தமாகச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் கூடை தூக்கிக்கொண்டிருந்த நாலு பேர் கூடையை இறக்கினார்கள்.

"இல்ல பாய். இது குளூட்டரால்டிஹைட். ஃபார்மலினுக்கு அண்ணன் முற."

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் ஜோக்கும் கூடவே வந்துவிடும். ரஷீது சிரிக்கவில்லை.

"போன வாரம் ஒரு வீடியோ சுத்திச்சே, மீனுக்குள்ள புழு நெளியுதுன்னு. அது நீ எடுத்தது தான?"

"சத்தியமா இல்ல பாய்."

"உன்ன நான் பாத்துகினு தான் கீறேன். வாராவாரம் வர்ற. மீன் வாங்க மாட்ட. குடலு வாங்குற. எவன்டா குடலு வாங்குவான்? இன்னிக்கு இன்னா ப்ளானு, மருந்த மீன் மேல ஊத்திட்டு நீயே படம் புடிப்பியா? கடைசி ஏலம்டா இது. ரெண்டு மாசம் இந்த ஜனம் இன்னிக்கு வித்தத வெச்சுத்தான் சாப்புடணும்."

சுற்றி இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவன் என் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டான். இன்னொருவன் பெட்டியைத் தூக்கித் தண்ணீர்ப் பக்கம் போனான். அந்தக் குப்பிகள் போனால் புதுப் புழு கிடையாது. அந்தக் கூட்டம் முடிவு செய்துவிட்டால் நானும் கிடையாது. உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

"பாய், நான் ஆராய்ச்சி பண்றேன். தும்பிலி வயித்துல ஒரு பூச்சி கீது. அதோட..." இருபது முகத்தையும் ஒருமுறை பார்த்தேன். "அதோட விந்தப் பத்தி."

பின்னாலிருந்து யாரோ நிதானமாகக் கேட்டார்கள்.

"பூச்சியோடதா?"

"ஆமா."

"அதுக்கு இன்னா கொற? கொழந்த இல்லியா?"

யாரோ ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். ரஷீது மட்டும் என் காலரை விடவில்லை. "டபாய்க்கிறான்," என்றான். பெட்டியைத் தூக்கியவன் தண்ணீர் ஓரத்தில் நின்று ரஷீதின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தலையசைப்புக்குத்தான் காத்திருந்தான்.

அப்போதுதான் பட்டக்கா வந்தாள். கையில் வெட்டுக்கத்தி, கத்தியில் செதில்.

"பாய், அவன வுடு."

"நீ போய் உன் வேலயப் பாரு பட்டம்மா."

"அவன் தான் என் வேல. நாலு வருசமா என்கிட்ட தான் பூச்சி வாங்கிகினு போறான். காலேஜு புள்ள. மேல்மாடி கொஞ்சம் காலி, ஆனா திருட்டுப் புள்ள இல்ல. வீடியோ எடுக்கிற மூஞ்சியா இது? போன் பேசவே தடுமாறுவான்."

எனக்கு ஆதரவாக இதுவரை யாரும் கொடுத்த சான்றிதழ்களில் இதுதான் நீளமானது. அக்கா நிறுத்தவில்லை. கூட்டம் கேட்கிறது என்றதும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"பூச்சிய உசுரோட குடுக்கணும் இவனுக்கு. சொம்மா இல்ல அது. கொழாத் தண்ணியில போட்டா செத்துப் பூடுது. மொத தபா இங்கயே நின்னுகினு அயுதான். இந்தத் தொறமொகத் தண்ணியில போடலாமா? டீசலும் கலீஜும், அதுல நான் கையே வெக்க மாட்டேன். அப்புறம் நானே ஒரு ரோசன பண்ணேன். ஆம்பள தும்பிலி வயித்துல வெள்ளப் பை கீது பாரு, அத்த எடுத்துப் பூச்சி மேல பிழிஞ்சு வுட்டுருவேன். கொழகொழன்னு கெடக்கும், காயாது. இவன் வர வரைக்கும் துள்ளிகினு இருக்கும். நாலு வருசமா அப்பிடித்தான். இவன் படிப்பே என் கையில தான் கீது, தெரியுமா?"

கூட்டத்தில் "யம்மாடி" என்று ஒரு பாராட்டு எழுந்தது.

எனக்குக் காதில் எதுவும் விழவில்லை. ரஷீது காலரை விட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது. ஆண் மீனின் வெள்ளைப் பை என்றால் அதற்குள் இருப்பது மீனின் விந்து. கோடிக்கணக்கில். ஒவ்வொன்றிலும் எஞ்சின். நாலு வருடமாக என் புழுக்கள் அதில் குளித்துவிட்டு வந்திருக்கின்றன. நானும் மேலே மேலே கழுவிவிட்டு மருந்தில் போட்டிருக்கிறேன். பிறப்புத் துளையின் மடிப்புக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தால் எந்தக் கழுவலுக்கும் வராது. அதை நறுக்கித்தான் பெங்களூர் வரை கொண்டுபோனோம்.

இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். நடுவில் ஒன்று இருந்தால் அது புழுவுடையதுதான். நேரான வெட்டு இன்னும் பார்க்கவில்லையே.

"இன்னா நைனா, மூஞ்சி இப்பிடிப் பூடுச்சு?" அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "பயந்துட்டியா? டப்பாவுல மூணு எடுத்து வெச்சிருக்கேன், வா."

"அக்கா, அதுக்கும் ஊத்திட்டியா?"

"ஊத்தாம? மறப்பனா?"

ரஷீது பெட்டியைத் தானே வாங்கி வந்து என் தோளில் மாட்டினான், செல்போனையும் சட்டைப்பையில் திரும்பப் போட்டான். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அவன் கூடையிலிருந்து எத்தனை தும்பிலி வேண்டுமோ எடுத்துக்கொள் என்றான்.

"ஒண்ணு போதும் பாய். பொம்பள மீனா வேணும்."

"பூச்சிக்கு வூடு பாக்கிற மாரி கண்டிசன் போடுறான்," என்று கூடையைத் தள்ளினான்.

அக்கா வயிற்றைத் தடவிப் பார்த்தே ஒரு சினை மீனை எடுத்தாள். குடலைக் கீறியதும் அவள் விரல் உள்ளே போவதற்குள் நான் இடுக்கியை நீட்டினேன். இரண்டு புழு. நேராகக் குப்பிக்குள், குளிர்ந்த மருந்துக்குள். நடுவில் டப்பா இல்லை, கை இல்லை. அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன், என் கை பிடிக்கலியா?"

"அய்ய, அதெல்லாம் இல்லக்கா. மேடம் இந்தவாட்டி வேற மாரி எடுக்கச் சொன்னாங்க."

"படிச்சவங்களுக்கு நெலயா ஒரு பேச்சு கெடையாது," என்றாள். டப்பாவில் இருந்த மூன்றையும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மதியம் ராயபுரம் ஸ்டேஷனில் ஏறி, பீச்சில் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டியில் யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. அதுதான் கெடுதல். இதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் பட்டக்கா, அவளுக்குத் தான் சொன்னது என்னவென்று தெரியாது. இன்னொருவன் நான். பேசாமல் இருந்தால் ஐந்து மணிக்குப் பைண்டிங். பதினைந்தாம் தேதி பட்டத்துக்கு வழி. முப்பதாம் தேதி மேடம் மாலையோடு வீட்டுக்குப் போவார், பைபிளுக்குள் கடிதத்தோடு. ஐரோப்பாவில் யாராவது தப்பு என்று கண்டுபிடிக்க ஐந்து வருடம் ஆகும். அதற்குள் நான் எங்காவது மீன்வளத்தில் இருப்பேன்.

எழும்பூரில் வசீம் போன் செய்தான். டோல்கேட் பைண்டிங் கடை அவனுடையது.

"டாக்டரே, அட்டை ரெடி. ஆனா தலைப்புல அந்த வார்த்த கீதே. அத்தயும் தங்கத்துலயே போடணுமா? கடைக்கு லேடீஸ் வராங்க."

"விந்தணுவா?"

"போன்ல ஏன் கத்துற."

எதிர் சீட்டு அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அஞ்சு மணிக்குச் சொல்றேன் வசீம்," என்றேன்.

"அஞ்சுக்கு மேல மிசின அணச்சிடுவேன்."

மேடம் எனக்கு முன்பே வந்திருந்தார். மடியில் வழக்கமான டிபன் பை. இந்த ஏழு வருடத்தில் அவர் எனக்காகக் கட்டிவந்த மதியச் சாப்பாட்டைக் கணக்கெடுத்தால் அதுவே தனி ஆய்வேடு. முடிந்ததும் சாப்பிடலாம் என்றார். முகத்தில் பவுடர் கொஞ்சம் அதிகமாக இருந்தது. படத்துக்குத்தான் வந்திருந்தோம், அவரை யாரும் படம் எடுக்கப் போவதில்லை. ஆனாலும் தயாராகி வந்திருந்தார்.

நுண்ணோக்கியை இயக்குவது ஜானட் என்ற பெண். துண்டு ஒட்டிய செப்பு வலையை உள்ளே செருகினாள். ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வலை. திரையில் சாம்பல் நிறக் காடு ஒன்று விரிந்தது.

பிறப்புத் துளை உடனே கிடைத்தது. குவியலும் அப்படியே இருந்தது.

"அதோ," என்றார் மேடம். "எவ்வளவு தெளிவா இருக்கு பார், மைட்டோகாண்ட்ரியா. சாவியோ, பார்த்தியா?"

"பார்த்தேன் மேடம்."

"இப்ப நேரான வெட்டு ஒண்ணு. மெதுவா வலப்பக்கம் போம்மா."

எல்லாமே சாய்வாகத்தான் வெட்டுப்பட்டிருந்தன. வாழைத்தண்டைக் கோணலாக நறுக்கிய மாதிரி. நடுவில் திட்டுத் திட்டாக. ஜானட் நகர்த்திக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் கடந்து போகும்போது எனக்கு மூச்சு விடத் தோன்றியது. இருபது நிமிடம். நாற்பது. இப்படியே இரண்டு மணி நேரமும் போய்விட்டால் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது என்று ஒரு பக்கம் மனசு ஜெபமே செய்தது. ராயபுரத்தில் இத்தனை கோயில் இருந்தும் நான் இவ்வளவு உருக்கமாக ஜெபித்தது அங்கேதான்.

மூன்றே காலுக்குத் திரையின் இடது ஓரத்தில், கீழ் மூலையில், ஒன்று வந்தது. நாணயம் போல வட்டமாக. ஒரு நொடிதான். மேடம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜானட் நகர்த்திவிட்டாள். அது திரையை விட்டுப் போய்விட்டது.

பார்த்தது நான் ஒருவன்தான். எண்ணவில்லை. எண்ணுவதற்கு நேரம் போதவில்லை என்று எந்தப் பாதிரியாரிடமும் சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. மேடத்தைப் பார்த்தேன். திரைக்கு மிக அருகே குனிந்திருந்தார். வெள்ளை முடியில் எப்போதும்போல ஒரு பென்சில் செருகியிருந்தது. முதல் வருடம் நான் அறுபது புழுவைக் குழாய்த் தண்ணீரில் கொன்றபோது இவர் திட்டவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்.

"ஜானட்," என்றேன். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "கொஞ்சம் பின்னாடி வாங்க. இடது பக்கம். கீழ."

வந்தது.

"பெருசு பண்ணுங்க."

மேடம் பென்சிலை எடுத்தார். திரையைத் தொடாமல், காற்றிலேயே நுனியை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஓரத்தில் ஒன்பது ஜோடி சரியாக இருந்தது. பென்சில் நடுவுக்கு வந்தது, நின்றது.

பக்கத்துப் பக்கத்தில், கூடப் பிறந்த மாதிரி, இரண்டு குழாய்.

"இன்னொண்ணு தேடும்மா," என்றார். ஜானட் தேடினாள். இப்போது என்னவோ நேரான வெட்டாகவே கிடைத்தது. இரண்டு. அடுத்ததும் இரண்டு. அதற்கடுத்ததும்.

"இப்ப உள்ள போங்க," என்றேன். "பூச்சியோட உடம்புக்குள்ள. விந்துப்பைக்குள்ள."

அங்கே எல்லாம் மெல்லிய நூல்கள். எஞ்சின் கிடையாது. நடுவில், கறுப்புப் பொட்டு வைத்த மாதிரி, ஒற்றைத் தண்டு. உலகம் முழுக்க எல்லோரும் எழுதியிருப்பது போலவே.

ஜானட் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். புத்திசாலிப் பெண்.

"உள்ள இருக்கிறது வேற, வெளிய இருக்கிறது வேற," என்றார் மேடம் மெதுவாக. "வெளிய இருக்கிறது எது?"

"மீனோடது மேடம். ஆண் மீனோடது."

"அது பூச்சி மேல எப்படி வந்துது?"

இந்தக் கேள்விக்குக் கிண்டி வருவதற்குள் பதில் யோசித்து வைத்திருந்தேன்.

"நான்தான் போட்டேன். காயாம இருக்கட்டும்னு, எடுத்த உடனே மீனோட வெள்ளைப் பையப் பிழிஞ்சு விட்டேன். நாலு வருஷமா. எழுதி வைக்கல."

மேடம் பென்சிலை மறுபடி முடியில் செருகிக்கொண்டார்.

"சாவியோ. உனக்கு வெளியில பார்த்து ஆண் மீன் எது, பெண் மீன் எதுன்னு இன்னிக்கும் சொல்லத் தெரியாது."

"கத்துக்கிட்டேன் மேடம்."

"எப்போ?"

"இன்னிக்குக் காலையில."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மேலே கேட்கவும் இல்லை. கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒற்றை விரலால், அந்த ஐரோப்பிய அம்மாவுக்கு எழுதத் தொடங்கினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதி முடித்து எனக்குப் படித்துக்காட்டினார். நேரான வெட்டு கிடைத்தது என்றும், நடுவில் இரண்டு என்றும், அது மீனின் விந்தணு என்றும், "எங்கள் சேகரிப்பில் நேர்ந்த பிழை" என்றும் இருந்தது.

"எங்கள்னு போட வேணாம் மேடம். என் பெயரப் போடுங்க."

"மீன் பிடிக்கிறவங்க, வெட்டுறவங்க, நீ, நான். எத்தனை பேர் பெயர்னு போடுறது?" என்றார். "எங்கள்தான் சரி."

விரல் திரைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. முப்பத்திரண்டு வருடம் அங்கே நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழுத்திவிட்டார். ஊஷ் என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

"மத்த முப்பத்தேழு படமும் அதே டப்பாவிலிருந்து வந்த பூச்சிதானே?"

டப்பா என்று நான் சொல்லவே இல்லை. வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினேன்.

"எல்லாத்தையும் திரும்ப எண்ணணும். ஆறாம் அத்தியாயம் மொத்தமாப் போச்சு. நீட்டிப்புப் படிவத்துல முப்பதாம் தேதிக்குள்ள என் கையெழுத்து வாங்கிக்க. அப்புறம் வீட்டுக்கு எடுத்துட்டு வா, படிச்சுத் தர்றேன். காலையில எடுத்த பூச்சி?"

"ரெண்டு இருக்கு மேடம். நேரா மருந்துக்குள்ள போனது. அதுல எதுவும் படல."

"அத பத்திரமா வெச்சுக்க," என்று டிபன் பையைப் பிரித்தார். எலுமிச்சை சாதம், கருவாட்டுத் தொக்கு. வழக்கம்போல இரண்டு ஸ்பூன் இருந்தது. எனக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தனக்கும் போட்டுக்கொண்டார், ஆனால் அவர் ஸ்பூன் சாதத்துக்குள் அசையவில்லை. நான் சாப்பிட்டேன். இந்த மாதிரி நேரத்தில் பசி எடுக்கும் உடம்பு என்னுடையது.

நாலு ஐம்பதுக்கு வசீம் கூப்பிட்டான்.

"இன்னா டாக்டரே, மிசின் சூடா கீது. போடட்டுமா?"

"வேணாம் வசீம்."

"வேணாமா? எத்தினி நாளு தள்ளிப் போவும்?"

ஜன்னலோரம் வைத்திருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தேன்.

"அறுபது நாளாச்சும் ஆவும்."

"தடைக்காலமா?"

"அப்பிடித்தான் வெச்சுக்க."

மறுமுனையில் மிசின் அணையும் சத்தம் கேட்டது.

"சரி வுடு, அட்டைய எடுத்து ஓரமா வெக்கிறேன். அதுக்குள்ள அந்த வார்த்தைக்குப் பதிலா வேற எதுனா போட முடியுமான்னு உங்க மேடத்தாண்ட கேட்டுப் பாரு."

போனைக் கையால் மூடிக்கொண்டு மேடத்திடம் கேட்டேன். அப்போதுதான் அவர் முதல் வாய் சாதத்தை எடுத்தார்.

"முடியாதுன்னு சொல்லு," என்றார்.